சரக்கிடம் காலியாகவே இருக்கட்டும்

என் தொழில் இரும்புத் தகட்டின் தடிப்பை அளப்பது. எண்ணெய்த் தாங்கி, கொதிகலன், நிலத்தடிக் குழாய் எதுவானாலும் வெட்டாமல், துளைக்காமல், ஒலியலைக் கருவியை மேலே வைத்து உள்ளே இன்னும் எவ்வளவு இரும்பு மிச்சம் இருக்கிறது என்று சொல்லவேண்டும். அந்தத் தொழில்தான் என்னை இங்கிலாந்தின் பழைய கால்வாய்ப் படகுகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. நண்பர் குடும்பம் ஒன்று வாங்க நினைத்த படகின் அடிப்பாகத்தைப் பார்த்துச் சொல்லும்படி கேட்டது. இப்போது அந்தப் படகில் பாதி அவர்களுக்கு, பாதி எனக்கும் என் கணவருக்கும்.

நேரோபோட் என்று இங்கே சொல்லும் இந்தப் படகை முதன்முறை பார்ப்பவர்கள் அதன் உருவத்தைப் பார்த்துத்தான் நின்றுவிடுவார்கள். நீளம் 70 அடிக்கு மேல். அகலம் 7 அடிகூட இல்லை. கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரையும் கிட்டத்தட்டத் தொட்டுவிடலாம். கடலுக்கோ ஆற்றுக்கோ படகு செய்கிற எவரும் இப்படிச் செய்யமாட்டார்கள். இதன் அளவைத் தீர்மானித்தவர் படகு கட்டுபவரே அல்ல, கால்வாய் வெட்டியவர்.

அவர் பெயர் ஜேம்ஸ் பிரிண்ட்லி. ஆலை இயந்திரங்களைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர். எழுதப் படிக்க அரைகுறையாகத்தான் தெரியும். பிரிட்ஜ்வாட்டர் பிரபுவின் வொர்ஸ்லி நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து மான்செஸ்டருக்குக் கால்வாய் அமைத்து, 1761இல் அதில் படகு ஓடச் செய்தவர்களில் முதன்மையானவர். அடுத்து, பீங்கான் தொழிலதிபர் ஜொசையா வெட்ஜ்வுட் முன்னின்று ஆதரித்த ட்ரென்ட் - மெர்சி கால்வாய் வந்தது. அதன் நடுவே ஹேர்காசில் என்ற குன்று. அதைக் குடைந்துதான் போகவேண்டும். குடைவு அகலமானால் செலவு மலையேறும். மேட்டில் கால்வாய் ஏறி இறங்க லாக் என்னும் தண்ணீர் அறைகள் வேண்டும். அறை பெரிதானால் அது விழுங்கும் தண்ணீரும் பெரிது. பிரிண்ட்லி எல்லாவற்றையும் குறுக்கினார். லாக்கின் அகலம் ஏறத்தாழ 7 அடி, நீளம் 70 அடிக்குச் சற்று மேல். கால்வாய் 1777இல் முடிவதற்கு ஐந்தாண்டுக்கு முன்பே அவர் இறந்துவிட்டார். ஆனால் அவருடைய அளவு மத்திய இங்கிலாந்து முழுவதும் பரவிவிட்டது. ஓரிடத்தில் குறுகலான லாக் இருந்தால் அந்த வழியாகப் போகும் எல்லாப் படகும் அந்த அளவுக்குள் அடங்கியாகவேண்டும் அல்லவா?

லாக்கைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு முனையிலும் கதவு வைத்த கல் தொட்டி அது. படகு கீழ்மட்டத்திலிருந்து உள்ளே வந்ததும் பின்கதவை மூடி, மேல்முனையில் உள்ள மதகைக் கைச்சாவியால் சுழற்றித் திறந்தால் தண்ணீர் நிரம்பிப் படகை மேல்மட்டத்துக்குத் தூக்கும். மின்சாரம் கிடையாது, எந்திரம் கிடையாது. ஒவ்வொரு முறையும் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் கீழே இறங்கிவிடும். இருநூற்றைம்பது ஆண்டாக இந்த வேலை இப்படியேதான் நடக்கிறது.

ஒரு குதிரை கரைப்பாதையில் நடந்தபடி 25 டன் சரக்கு ஏற்றிய படகை இழுத்துவிடும். அந்தக் காலத்துச் சேற்றுச் சாலையில் வண்டியில் பூட்டிய குதிரையால் அதில் ஒரு சிறு பங்கைக்கூட இழுக்க முடியாது. நிலக்கரி, களிமண், பீங்கான், தானியம், இரும்பு எல்லாமே தண்ணீர்மேல் போயின. பிறகு ரயில் வந்தது. ரயிலோடு போட்டிபோட வாடகையைக் குறைக்கவேண்டியதாயிற்று. படகோட்டியின் கூலியும் அதோடு இறங்கியது. கூலிக்கு ஆள் வைக்க வழியில்லாத படகோட்டிகள் மனைவி மக்களையே படகில் ஏற்றிக்கொண்டார்கள். கரையில் வாடகை வீடும் மிச்சம், கூலியாளும் மிச்சம். இப்படித்தான் படகின் பின்முனையில் பத்தடிகூட இல்லாத ஒரு மர அறை முழுக் குடும்பத்தின் வீடாகியது. மீதி நீளமெல்லாம் சரக்குக்கு. காசு தருவது சரக்குத்தானே.

அந்த அறைக்குள் ஐந்தாறு பேர் வாழ்ந்திருக்கிறார்கள். குழந்தைகள் பிறந்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம் பார்க்காமலே வளர்ந்திருக்கிறார்கள். ஜார்ஜ் ஸ்மித் என்ற சீர்திருத்தக்காரர் விடாமல் போராடியதன் பின் 1877இலும் 1884இலும் சட்டங்கள் வந்தன. எந்தப் படகில் எத்தனை பேர் தங்கலாம் என்று பதிவு செய்யவேண்டும், அதிகாரி வந்து பார்ப்பார் என்றெல்லாம் விதித்தார்கள். சட்டம் எட்டியது கொஞ்சம், எட்டாதது நிறைய. இந்தப் படகுகளின் சித்திர வேலையையும் பித்தளைப் பளபளப்பையும் மெச்சுகிறவர்கள் இந்தக் கதையையும் சேர்த்தே சொல்லவேண்டும் என்பது என் பிடிவாதம்.

எங்கள் படகு ஃபெலோஸ் மார்ட்டன் அண்ட் கிளேட்டன் என்ற பெரிய சரக்கு நிறுவனத்துக்காக 1920களில் பர்மிங்காமின் சால்ட்லி தளத்தில் கட்டப்பட்டது. 1889இல் உருவான அந்த நிறுவனத்தின் படகுகளை, ஜோஷுவா ஃபெலோஸ் பெயரை வைத்து, ஜோஷர் என்பார்கள். ஜோஷரின் அணியத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். தட்டையான தகடு உள்ளே குழிந்து, பிறகு வெளியே வளைந்து, ஒரு கூர்விளிம்பில் வந்து சேரும். தண்ணீர் அதன்மேல் ஏறாமல் இரண்டு பக்கமும் சீராகப் பிரிந்துபோகும். கணினி இல்லாத காலத்தில் கண்ணாலும் சுத்தியலாலும் வளைத்த வளைவு அது.

1948இல் கால்வாய்கள் நாட்டுடைமையாயின. நிறுவனத்தின் படகுகளையும் அரசு வாங்கி நீலமும் மஞ்சளும் பூசியது. வேண்டாத மரப்படகுகளைக் கரையில் விட்டுவைக்க மனமில்லாமல், ஹேர்ஃபீல்ட் அருகே சரளைக்கல் தோண்டிய குட்டைகளில் மூழ்கடித்தார்கள். 1962-63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து கிடக்க, படகுகள் பனிக்கட்டியில் சிக்கி நின்றன. சரக்குக்காரர்கள் லாரிக்குப் போய்விட்டார்கள், திரும்பி வரவில்லை. கடைசியாக ஒழுங்காக நடந்த நெடுந்தூர ஓட்டம், ஆதர்ஸ்டன் என்ற ஊரில் நிலக்கரி ஏற்றி லண்டனின் மேற்கே சவுத்தோலில் இருந்த ஜாம் ஆலையில் இறக்குவது. 1970 அக்டோபரில் அதுவும் நின்றது. நான் இந்த நாட்டுக்கு வந்து முதலில் குடியிருந்தது சவுத்தோலில். வீட்டுக்குப் பின்னால் ஓடிய கால்வாயைக் குப்பை மிதக்கும் சாக்கடை என்று நினைத்துக் கடந்துபோவேன். ஒரு வாழ்க்கைமுறை முடிந்துபோன இடம் அது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் கால்வாய்கள் மண்மூடிப் போகாமல் பிழைத்ததற்கு மக்கள்தான் காரணம். எல்.டி.சி. ரோல்ட் என்ற பொறியாளர் மனைவியோடு ‘கிரெஸ்ஸி’ என்ற பழைய படகில் பயணம் செய்து 1944இல் எழுதிய நூலைப் படித்து, ராபர்ட் ஏக்மன் அவரைத் தேடிப் போனார். 1946இல் இன்லண்ட் வாட்டர்வேஸ் அசோசியேஷன் பிறந்தது. இருவரும் பின்னால் பிரிந்துபோனார்கள். ஆனாலும் அவர்கள் தொடங்கியது நிற்கவில்லை. வார விடுமுறைகளில் மண்வெட்டியோடு வந்து இறங்கிய தொண்டர்கள் தூர்ந்துபோன லாக்குகளைத் தோண்டி எடுத்தார்கள். இன்று கேனல் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை 2,000 மைல் நீர்வழியைப் பார்த்துக்கொள்கிறது.

இனி எங்கள் படகின் உடம்புக்கு வருகிறேன்.

நான் கருவியோடு உலர்துறைக்குப் போன அன்று, பக்கத் தகட்டில் வைத்த முதல் அளவே விசித்திரமாக இருந்தது. ஓரிடத்தில் 6 மில்லிமீட்டர், விரற்கடை தள்ளி 2, மறுபடி 5. சீராக அரித்துப்போன தகடு இப்படித் தாவாது, படிப்படியாகத்தான் மெலியும். காரணம் அந்த இரும்பின் பிறப்பில் இருக்கிறது. இது இன்றைய எஃகு இல்லை, தேனிரும்பு. உலையில் கிளறி, சம்மட்டியால் அடித்து, உருளைகளுக்கிடையே திரும்பத் திரும்ப இழுத்த இரும்பு. அதற்குள் கசடு மெல்லிய இழைகளாகப் படிந்திருக்கும். என் கருவி அனுப்பும் ஒலி தகட்டின் மறுபக்கம் போய்த் திரும்புவதற்குப் பதிலாக நடுவிலுள்ள கசட்டில் முட்டித் திரும்பிவிடுகிறது. தகடு நன்றாக இருந்தாலும் மெலிந்துவிட்டதாகக் கருவி சொல்லும். இதைத் தெரியாமல் அளந்தால் நல்ல படகை வெட்டிப்போட்டுவிடலாம். அதனால் இங்கே சுத்தியல்தான் நீதிபதி. தட்டும்போது கணீர் என்றால் சரி. மண்சட்டி போல மொத்தென்று கேட்டால் அங்கே சுரண்டிப் பார்க்கவேண்டும்.

தேனிரும்பின் இன்னொரு குணம், அது எஃகைவிட மெதுவாகத் துருப்பிடிப்பது. நூறு வருடம் தண்ணீரில் கிடந்த தகடு இன்னும் பயன்படுவது அதனால்தான். ஆனால் அதை ஒட்டவைப்பது கடினம். வெல்டிங் சூட்டில் கசட்டு இழைகள் வழியே ஏடேடாகப் பிரியும். புதிதாக வாங்கலாம் என்றால், பிரிட்டனில் தேனிரும்பு காய்ச்சிய கடைசி ஆலை 1970களில் போல்டனில் மூடப்பட்டுவிட்டது. பழைய பாலத்திலிருந்தோ நங்கூரச் சங்கிலியிலிருந்தோ கிடைப்பதை மறுபடி உருட்டித் தருகிறார்கள்; அது தங்கமாய் விலைபோகும்.

ஆகவே, மெலிந்த இடத்தை என்ன செய்வது என்பதில் இங்குள்ள படகுக்காரர்களிடையே தீராத வாக்குவாதம் இருக்கிறது. சுலபமான வழி, பழைய தகட்டின்மேல் புது எஃகுத் தகட்டை வைத்து விளிம்பைச் சுற்றிப் பற்றவைத்துவிடுவது. செலவு குறைவு, காப்புறுதிக்காரர்களும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் இரண்டு தகட்டுக்கும் நடுவே ஈரம் புகுந்தால் வெளியில் தெரியாமல் அரிக்கும். படகின் வளைவும் தடித்துப்போகும். அகலம் ஓரிரு விரற்கடை கூடினாலும் பழைய லாக்குகளில் சிக்கும். அவற்றின் சுவர்கள் காலப்போக்கில் உள்ளே சாய்ந்திருக்கின்றன. முன்பிருந்தவர்கள் எங்கள் படகில் அப்படித்தான் ஒட்டுப்போட்டிருந்தார்கள். நாங்கள் ஒட்டுகளைக் கழற்றி, கெட்ட பாகத்தை மட்டும் வெட்டியெடுத்து, அதே தடிப்பில் புதுத் தகடு வைத்து ரிவெட் அடித்தோம்.

ரிவெட் அடிப்பதை ஒருமுறையாவது பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும். உலையில் ஆணி செக்கச்செவேலென்று பழுக்கும். ஒருவர் இடுக்கியால் எடுத்துத் துளையில் செருகுவார். உள்ளே ஒருவர் கனத்த இரும்புக் கட்டியால் தலையை முட்டுக்கொடுத்துப் பிடிப்பார். வெளியே இருப்பவர் அது கறுப்பதற்குள் வாலை அடித்து மழுக்குவார். ஆறும்போது ஆணி சுருங்கும். அந்தச் சுருக்கம் இரண்டு தகட்டையும் இறுக்கிக் கட்டிவிடும். எங்களுக்குக் கற்றுத்தந்தவர் கிளைட் நதிக்கரைக் கப்பல் தளத்தில் பையனாக வேலைக்குச் சேர்ந்தவர். காது சரியாகக் கேட்காது; ஆனால் ஆணி இறுகிவிட்டதா என்பதை விரல் நுனியை வைத்தே சொல்லிவிடுவார்.

அடிப்பாகம் வேறு கதை. ஜோஷர்களின் பக்கம் இரும்பு; அடி, குறுக்காக அடுக்கிய எல்ம் மரப்பலகை. எல்ம் விசித்திரமான மரம். எப்போதும் தண்ணீருக்குள்ளேயே இருந்தால் அழியாது. நனைந்தும் காய்ந்தும் மாறிமாறி இருந்தால் உளுத்துப்போகும். பாரம் ஏற்றி ஓடிய காலத்தில் அடிப்பலகை எந்நேரமும் ஊறிக்கிடந்தது. கற்களில் உரசித் தேய்ந்ததே தவிர உளுத்ததில்லை. பாரம் போய், படகு வீடாகி, உள்ளே அடுப்பெரிந்து காயத் தொடங்கிய பிறகுதான் பலகைகள் மேல்பக்கத்திலிருந்து உளுத்தன. மாற்றலாம் என்றால், 1960களின் கடைசியிலிருந்து பரவிய பூஞ்சை நோய் இந்நாட்டின் கோடிக்கணக்கான எல்ம் மரங்களைக் கொன்றுவிட்டது. பெரிய பலகை வேண்டுமானால் ஸ்காட்லாந்துப் பக்கம் தேடவேண்டும். இதனால் பல படகுகளுக்கு எஃகு அடி வைத்துவிட்டார்கள். எங்களுடையதற்கும் அப்படித்தான். அதை மாற்றி மரம் போடவேண்டும் என்று என் கணவர் ஆசைப்பட்டார். நான் மறுத்தேன். இனி இந்தப் படகு வருடம் முழுதும் 25 டன் சுமக்கப்போவதில்லை. சுமக்காத படகுக்கு எல்ம் அடி போட்டால், இன்னும் நூறு வருடம் நின்றிருக்கவேண்டிய மரத்தை வெட்டிவந்து உளுக்க வைப்பதாகும்.

முழுக்க மரத்தாலான படகுகளை வைத்திருப்பவர்களுக்கு இன்னும் பெரிய பொறுமை வேண்டும். பலகைகளின் இடுக்கில் தார்க்கயிறு திணித்துக் கலப்பத்து பார்க்கவேண்டும். தாரும் மாட்டு மயிரும் குதிரைச் சாணமும் சேர்த்துக் காய்ச்சிய ‘சாலிக்கோ’ என்ற கலவையைச் சூட்டோடு பூசுவார்கள். மணம் கொஞ்சம் அப்படித்தான். ஆனால் அது பிடித்தால் விடாது. 1958இல் பிரௌன்ஸ்டன் என்ற ஊரில் கட்டிய ‘ரேமண்ட்’, சரக்குக்காகக் கட்டப்பட்ட கடைசி இயந்திரமில்லாத மரப் படகு. அதைச் சுற்றி ஒரு நண்பர் குழு திரண்டு மீட்டு இன்றும் காத்துவருகிறது.

எங்கள் படகில் மிகப் பெரிய வேலை நீளம். நிறுத்துமிட வாடகை அடிக்கணக்கில். வடக்கே சில கால்வாய்களின் லாக்குகள் 60 அடிகூட இல்லாதவை. ஆகவே வீடாக மாற்றிய யாரோ படகை நடுவில் வெட்டி, இருபதடியை எறிந்துவிட்டு, இரு முனைகளையும் சேர்த்து ஒட்டிவிட்டார்கள். பழைய படகுகளில் மிகப் பலவற்றுக்கு இந்த அறுவை நடந்திருக்கிறது. வெட்டிய நடுப்பகுதி பழைய இரும்புக்கடைக்குப் போயிருக்கும். நாங்கள் ஒட்டைப் பிரித்து, இரு பாதிகளையும் தண்டவாளத்தில் விலக்கி வைத்து, நடுவே புதுப் பகுதி கட்டினோம். அதன் உள்பக்கத் தகட்டில் கட்டிய ஆண்டைக் குளிர்உளியால் பொறித்திருக்கிறோம். பின்னால் ஆராய்கிறவர் யாரும் புது இரும்பைப் பழசென்று எண்ணிவிடக் கூடாது. வெளிப்பூச்சில் ஒட்டு மறைந்தாலும் அந்த ஆண்டு உள்ளே எப்போதும் தெரியும்.

அடுத்த கேள்வி, இந்த நடுப்பகுதியை என்ன செய்வது? குளியலறை, குளிர்சாதனப்பெட்டி, சோபா எல்லாம் வைத்து அழகான வீடாக்கலாம். ஆயிரக்கணக்கானோர் அப்படி வாழ்கிறார்கள். நிரந்தர நிறுத்துமிடம் இல்லாதவர்கள் ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் நில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும் என்பது சட்டம். வீட்டு வாடகை எட்டாத ஊரில் அந்த வாழ்க்கையை நான் மதிக்கிறேன். அதற்காகவே கட்டிய எஃகுப் படகுகள் நிறைய இருக்கின்றன. ஆனால் மிச்சமிருக்கும் சில பழைய சரக்குப் படகுகளில் எங்களுடையது ஒன்று. ஆகவே சரக்கிடத்தைத் திறந்தபடியே விட்டோம். நடுவே தாங்குகட்டைகள், அவற்றின்மேல் நெடுக ஒரு நடைபலகை, இரு பக்கமும் இறங்கும் கறுப்புத் தார்ப்பாய். உள்ளே காற்று மட்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த பெரியப்பா நடைபலகையில் நின்று உள்ளே குனிந்து பார்த்தார். “இவ்வளவு காசைக் கொட்டிப்போட்டு நடுவிலை வெறுமையா விட்டு வைச்சிருக்கிறியள். இதுக்குள்ளை என்ன பிள்ளை ஏத்தப் போறியள்?” என்றார்.

“முந்தி இந்தக் கொம்பனிப் படகுகளிலை என்ன ஏத்தினவை எண்டு கேளுங்கோ பெரியப்பா” என்றேன்.

நிலக்கரி, சர்க்கரை, தகரப்பெட்டி உணவு என்று சொல்லிக்கொண்டே போய் அவருக்குத் தேயிலைக் கதையைச் சொன்னேன். பர்மிங்காமின் டைஃபூ தேயிலை 1903இல் ஒரு பலசரக்குக் கடைக்காரர் விற்கத் தொடங்கியது. இலங்கைத் தேயிலைதான் அதன் பெயரை நிலைநாட்டியது. 1920களில் டிக்பெத் பக்கம் அவர்கள் அமைத்த ஆலைக்குக் கால்வாயிலிருந்து பிரிந்து வரும் தனித் துறையே இருந்தது. இன்றும் அதை டைஃபூ துறை என்கிறார்கள். எங்கள் படகின் நிறுவனத்துக்கும் அங்கே பக்கத்திலேயே பண்டகசாலை. மலையகத்தில் நம்மவர்கள் கிள்ளிய கொழுந்து பெட்டிகளில் அடைபட்டு, லண்டன் துறைமுகத்தில் இறங்கி, நேரோபோட்டில் ஏறி அந்த ஆலைக்குப் போயிருக்கிறது. கிள்ளியவர்கள் லயத்தில் ஓர் அறைக்குள் குடும்பமாக இருந்தார்கள். ஏற்றிச் சென்றவர்கள் பின்முனை அறைக்குள் குடும்பமாக இருந்தார்கள். பெரியப்பா அதற்குப் பிறகு வெறுமையைப் பற்றிப் பேசவில்லை. இரண்டாம் முறை, முழு நீளத்தையும் நடந்து பார்த்தார்.

தேயிலை மட்டுமில்லை. நம் வீடுகளில் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் கரைத்துக் கொடுக்கும் ஓவல்டின், கிங்ஸ் லாங்லி ஆலைக்கு நிலக்கரி கொண்டுவரச் சொந்தப் படகுகள் வைத்திருந்தது. 1959 வரை ஓடின. கேட்பரி நிறுவனமும் சொந்தப் படகுகள் ஓட்டியது. இந்தச் சரக்கிடங்கள் மூடப்பட்டுப் படுக்கையறையானால் இதையெல்லாம் எங்கே நின்று சொல்வது?

பின்முனையிலுள்ள அந்தச் சின்ன அறையை நாங்கள் மறுபடி கட்டியது, ஒரு முதிய பெண்மணி சொல்லச்சொல்லத்தான். அவர் இத்தகைய அறையில் பிறந்தவர். வாசலுக்கு இடப்பக்கம் இரும்பு அடுப்பு. அடுத்து ஓர் அலமாரி. அதன் கதவைக் கீழே மடக்கினால் மேசை. எதிரே பக்க இருக்கை, அதுவே பிள்ளைகளின் படுக்கை. உள்கோடியில் இன்னோர் அலமாரிக் கதவை இறக்கினால் குறுக்கே பெரியவர்களின் கட்டில். காலையில் மடித்தால் வழி திறந்துவிடும். ஒரு அங்குலம் வீணில்லை. விளிம்பில் லேஸ் ஓட்டை வைத்த பீங்கான் தட்டுகள், பித்தளைக் குமிழ்கள், ரோஜாவும் கோட்டையும் வரைந்த கதவுகள், தண்ணீர்க் குடுவைகள். பிரௌன்ஸ்டனின் ஃப்ராங்க் நர்ஸர் வரைந்த ரோஜாக்கள் இன்றைய ஓவியர்களுக்குப் பாடநூல். ஒரே இழுப்பில் ஓர் இதழ் விழவேண்டும், திருத்தினால் சேறாகும். அடுப்பையும் அலமாரியையும் நாங்கள் வைத்த உயரத்தில் அந்தப் பெண்மணிக்குத் திருப்தியில்லை. சுக்கானைப் பிடித்தபடி வாசலில் நிற்கும் தாய், திரும்பாமலே கையை இறக்கி அடுப்பிலிருக்கும் கெண்டியைத் தூக்கவேண்டும் என்றார். அவர் காட்டிய உயரத்துக்கு எல்லாவற்றையும் மறுபடி மாற்றினோம். இது எந்த வரைபடத்திலும் இல்லாத தகவல்.

படகு ஓட்டியது ஆண்களே என்று நினைப்பவர்கள் உண்டு. இயந்திரம் வந்தபின் முன்னே மோட்டார் படகு, பின்னால் இயந்திரமில்லாத ‘பட்டி’ என்று இரட்டையாக 50 டன் கொண்டுபோனார்கள். பட்டியின் சுக்கான் பெரும்பாலும் பெண் கையில். அவள் ஒரு கையில் சுக்கான் பிடித்து மறு கையில் கிழங்கு சீவினாள், இடுப்பில் குழந்தை. இரண்டாம் உலகப்போரில் ஆள் பற்றாக்குறை வந்தபோது நகரத்து இளம்பெண்களைப் பயிற்றி இந்த வேலைக்கு அனுப்பினார்கள். அவர்களில் சூசன் வூல்ஃபிட், எம்மா ஸ்மித் இருவரும் போர் முடிந்ததும் எழுதிய நூல்கள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன.

இயந்திரத்தைச் சொல்லாமல் விட்டால் என் கணவர் மன்னிக்கமாட்டார். ஜோஷர் மோட்டார் படகுகளில் இருந்தது பொலிண்டர் என்ற சுவீடன் இயந்திரம். ஒற்றைச் சிலிண்டர், 15 குதிரைசக்தி. சாவி திருகி ஓட்டுவதில்லை. ஊதுவிளக்கால் சிலிண்டர் தலையிலிருக்கும் இரும்புக் குமிழைப் பத்து நிமிடமளவு சூடாக்கவேண்டும். எரிபொருள் தெளித்ததும் பற்றிக்கொள்ளும் அளவு அது காய்ந்தபின், பாரச் சக்கரத்தில் துருத்தும் முளையைக் காலால் மிதித்து உதைத்தால் உயிர்வரும். காலை உடனே எடுக்கவேண்டும். அது எதிர்த்து உதைத்துக் கணுக்காலை உடைத்த கதைகள் ஏராளம். பின்னால் போக கியர் கிடையாது. வேகத்தைக் குறைத்து, சக்கரம் நிற்கப்போகும் தறுவாயில் எரிபொருளை முந்தித் தெளித்தால், உள்ளே வெடிப்பு பிஸ்டனைத் திருப்பித் தள்ளி, இயந்திரமே தலைகீழாகச் சுழலத் தொடங்கும். தவறினால் நின்றுவிடும், லாக் கதவு எதிரே வந்துகொண்டிருக்கும். இப்போது எங்கள் படகில் ஓடுவதும் பொலிண்டர்தான், வேறொரு கலத்திலிருந்து வந்தது. சீரற்ற அந்தத் தாளம் ஒரு மைலுக்கு முன்பே வந்து சேரும். கரையோர வீடுகளில் பிள்ளைகள் ஓடிவந்து நிற்பார்கள்.

கால்வாயில் வேக எல்லை மணிக்கு 4 மைல். நடப்பவர்கள் எங்களை முந்திப் போவார்கள். பர்மிங்காமுக்குப் போகும் வழியில் ஹாட்டன் என்ற இடத்தில் 21 லாக்குகள் ஏணிப்படியாக நிற்கின்றன. அரைநாள் வேலை, முதுகு சொல்லும். டார்டபிக்கில் 30. இங்கெல்லாம் பழைய படகுக்கு ஒரு தனிச் சிக்கல். புதுப் படகுகள் இரண்டடி ஆழத்தில் மிதந்துவிடும்; எங்கள் பின்முனைக்கு மூன்றடி வேண்டும். பாரப் படகுகள் ஓடியவரை அவையே அடிச்சேற்றைக் கலக்கிப் பாதையைத் திறந்துவைத்தன. இப்போது சேறு படிந்து, நடுக்கால்வாயிலேயே தரைதட்டுகிறோம். வறண்ட கோடையில் நீர்த்தேக்கங்கள் இறங்கினால் லாக்குகளைப் பூட்டிவிடுகிறார்கள். படகை மீட்டுவிட்டுக் கால்வாயைக் கைவிட்டால் பயன் இல்லை. தூர்வாரக் காசு ஒதுக்கும்படி கேட்பதும் எங்கள் வேலையில் ஒரு பங்கு.

சில குடும்பத்தினர் இந்தப் பழைய படகுகளை இன்றும் உழைக்க வைத்திருக்கிறார்கள் என்பதைச் சந்தோஷமாகச் சொல்கிறேன். சரக்கிடத்தில் நிலக்கரி மூட்டையும் எரிவாயு உருளையும் டீசலும் ஏற்றிக்கொண்டு, கால்வாயில் வாழ்கிறவர்களின் படகுகளுக்குப் போய் விற்கிறார்கள். பனிக்காலத்தில் அவர்கள் வரவில்லையென்றால் பல அடுப்புகள் அணைந்துவிடும். எங்கள் சரக்கிடத்திலும் போன குளிர்காலம் மூட்டைகள் ஏறின. பாரம் ஏறியதும் படகு தண்ணீரில் அமர்ந்த விதமே வேறு. காற்றுக்கு அலையவில்லை, சுக்கான் சொன்னபடி கேட்டது. அதன் வளைவுகளெல்லாம் பாரத்தோடு ஓடுவதற்காக வளைக்கப்பட்டவை என்று உடம்பால் உணர்ந்தேன்.

இங்கே வர வாய்க்கிறவர்கள் ஜூன் கடைசியில் நார்த்தாம்ப்டன்ஷயரின் பிரௌன்ஸ்டனுக்குப் போங்கள். பழைய படகுகள் வரிசையாக வந்து கூடும் திருவிழா அங்கே நடக்கிறது. மற்ற நாட்களில் ஸ்டோக் புரூர்ன், எல்ஸ்மியர் போர்ட் அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. 1909இல் கட்டிய நீராவிப் படகு ‘பிரசிடென்ட்’ எங்காவது வருகிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். படகுக்காரரிடம் அறைக்குள் வந்து பார்க்கலாமா என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். காலணியைத் துடைத்துக்கொண்டு, ஏணியில் இறங்குவதுபோல் பின்பக்கமாகத் திரும்பி இறங்குங்கள். கால் வைக்கும் முதல் படிதான் நிலக்கரிப் பெட்டி. மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்து மிதியுங்கள்.